மகாதமனியில் கிருமித் தொற்று வீக்கமும் ஸ்டென்ட் கிராஃப்ட் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகனோ மனைவியோ எழுந்து வந்து கேட்கும் கேள்விகள் இவை. ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏறக்குறைய இதே வரிசையில் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அந்தப் பதற்றத்தில், நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்வது யார் மனதிலும் தங்குவதில்லை. அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து படிக்கும்படி எழுதி வைக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எது சரி என்பதை அவருடைய ஸ்கேனைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் சொல்வது புரிவதற்கு இது உதவட்டும்.

மகாதமனி எது? அதில் 'கிருமி வீக்கம்' என்றால் என்ன?

இதயத்திலிருந்து கிளம்பி, நெஞ்சுக்குள் வளைந்து, முதுகெலும்பை ஒட்டியபடி இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டு கால்களுக்கும் பிரிந்து போகும் பெரிய ரத்தக்குழாய்தான் மகாதமனி. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் அனியூரிசம் என்கிறோம்.

சாதாரண அனியூரிசம் வருடக்கணக்கில் மெல்ல வளரும். ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆகும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிருமி வீக்கம் அப்படியில்லை. பாக்டீரியா குழாயின் சுவரில் குடியேறி அதை உள்ளிருந்து அரிக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரே ஓர் இடத்தில் ரப்பர் நைந்துபோய்க் காற்றடித்ததும் கொப்புளம் கிளம்புமே, அதைப் போல ஒரு பக்கம் மட்டும் பையாகப் பிதுங்கும். இந்த வாரம் 3 செ.மீ. இருந்தது அடுத்த வாரம் 5 செ.மீ. ஆகலாம். சின்னதுதானே என்று இதில் காத்திருக்கக் கூடாது. சின்ன அளவிலும் வெடிக்கும்.

ரிப்போர்ட்டில் 'மைக்காட்டிக்' என்று போட்டிருக்கிறதே, இது பூஞ்சைத் தொற்றா?

பெரும்பாலும் இல்லை. 1885-ல் லண்டனில் நிகழ்த்திய உரையில் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர், இதய வால்வில் தொற்று வந்து இறந்த ஒருவரின் மகாதமனியில் இருந்த இந்த வீக்கங்களை விவரித்தார். அவை பூஞ்சை முளைத்ததுபோல் தெரிந்ததால் அந்தப் பெயரை வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அநேகமாக எல்லாமே பாக்டீரியா வேலை. பெயரைப் பார்த்துவிட்டுப் பூஞ்சை மருந்து ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பதில் தப்பே இல்லை, பதில் இதுதான்.

கிருமி அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது?

ஆரோக்கியமான மகாதமனியின் உட்பூச்சு வழுவழுப்பானது. கிருமி அதில் ஒட்டாது, ரத்த ஓட்டமே அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவருக்கு, அதிலும் வருடக்கணக்கில் சுகர், பிரஷர், புகைப்பழக்கம் இருப்பவருக்கு, அந்த உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து சொரசொரப்பாக இருக்கும். அப்போது வேறு எங்கிருந்தோ ரத்தத்தில் கலந்த கிருமி அந்தப் பிளவுகளில் தங்கிவிடுகிறது. வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று, ஆறாத கால் புண், நிமோனியா என்று மூலம் எதுவாகவும் இருக்கலாம். முதுகெலும்பில் வந்த காசநோய் பக்கத்திலிருந்தே பரவிச் சுவரை அரிப்பதும் உண்டு.

எந்தக் கிருமி என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் முன்னால் நிற்கின்றன. தைவானில் சால்மோனெல்லாதான் பெரிய எதிரி. டைபாய்டு கிருமிக்கு உறவுக்காரன். கெட்டுப்போன முட்டை, சரியாக வேகாத இறைச்சி வழியாக வந்து, கொழுப்புப் படிந்த ரத்தக்குழாய்ச் சுவரில் உட்கார்ந்துகொள்வதில் கெட்டிக்காரன். வயதான ஒருவரின் ரத்தத்தில் சால்மோனெல்லா வளர்ந்திருக்கிறது என்று லேப் சொன்னால், காய்ச்சல் இறங்கியிருந்தாலும் மகாதமனியை ஒருமுறை ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வடகிழக்குத் தாய்லாந்தில், கோன் கேன் போன்ற நெல் விளையும் பகுதிகளில், மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் மண்கிருமியால் வரும் அனியூரிசங்களை அதிகம் பார்க்கிறார்கள். வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. கால் வெடிப்பு வழியாகவோ மழைக்காலத் தூவானத்தைச் சுவாசிப்பதாலோ உள்ளே வரும். சுகர் உள்ளவரை அதிகம் பிடிக்கும். இந்த நோயை முதலில் விவரித்தவர்கள் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமியும், 1911-ல், ரங்கூனில். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தக் கிருமி இருக்கிறது. நெல் இருக்கிறது, மழை இருக்கிறது, சுகர் வீட்டுக்கு வீடு இருக்கிறது, தேடினால் கிடைக்கும். லேப்பில் இதைச் சாதாரண சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா என்று தவறாக அடையாளம் காண்பது நடக்கிறது. நோயாளி வயல் வேலை பார்ப்பவர் என்றால் அந்தத் தகவலை டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி, லேப் தேடும் திசையையே மாற்றும்.

ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்குக் கியூ காய்ச்சல் கிருமியும், காய்ச்சாத பால் குடிப்பவர்களுக்குப் புரூசெல்லாவும் இதே வேலையைச் செய்யலாம்.

என்ன அறிகுறி வரும்?

காய்ச்சல், முதுகுவலி அல்லது வயிற்றுவலி. இரண்டும் சேர்ந்து வந்தால் கவனம் வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சாதாரணமாகத் தெரிவதுதான் இந்த நோயின் ஆபத்து. காய்ச்சலுக்கு ஒரு கிளினிக்கில் ஐந்து நாள் மாத்திரை, முதுகுவலிக்கு இன்னொரு இடத்தில் ஊசி என்று மூன்று, நான்கு வாரம் ஓடிவிடும். சிலருக்குப் பசி போய் எடை குறையும். ஒல்லியாக இருப்பவருக்கு வயிற்றில் துடிக்கும் கட்டி கைக்குத் தட்டுப்படலாம்.

சளியிலோ வாந்தியிலோ ரத்தம் வந்தால், கொஞ்சமாக வந்து தானே நின்றுவிட்டாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீக்கம் மூச்சுக்குழாயிலோ உணவுக்குழாயிலோ குடலிலோ ஓட்டை போட்டிருக்கலாம். முதல் கசிவு சின்னதாக இருக்கும். அடுத்தது அப்படி இருக்காது.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

டை ஊசி போட்டு எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம்தான் முக்கியம். சாதாரண அனியூரிசம் அந்தப் படத்தில் உருளையாக, ஓரளவு ஒழுங்காக விரிந்திருக்கும். கிருமி வீக்கம் ஒழுங்கில்லாமல், பக்கவாட்டில் புடைத்து, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் திசு திரண்டு நிற்கும். சுத்தமான கறுப்பாகத் தெரிய வேண்டிய கொழுப்பு கலங்கிப் போயிருக்கும். சிலசமயம் சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். அது கிருமி உண்டாக்கிய வாயு. அதைப் பார்த்ததும் அறையில் பேச்சு நின்றுவிடும். சந்தேகம் தீராவிட்டால் சில நாள் கழித்து எடுக்கும் இரண்டாவது சிடியோ, பெட் ஸ்கேனோ விஷயத்தைச் சொல்லிவிடும்.

அதே அளவு முக்கியமானது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று லேப்பில் பார்க்கும் சோதனை. முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்னால், வெவ்வேறு இடத்தில் குத்தி இரண்டு, மூன்று செட் ரத்தம் எடுக்க வேண்டும். நோயாளியின் நிலைமை மோசமாக இருந்தால் மருந்தைத் தாமதிக்கக் கூடாதுதான். ஆனால் கல்ச்சர் எடுக்க ஐந்து நிமிடம் போதும். கிருமியின் பெயர் தெரியாமல் மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது, இருட்டில் கல்லெறிவது மாதிரி. சரியாக எடுத்தும் கல்ச்சரில் எதுவும் வளராத நோயாளிகள் கணிசமாக இருக்கிறார்கள். ஏற்கனவே வெளியில் சாப்பிட்ட மாத்திரை அதற்கு ஒரு பெரிய காரணம். அதனால், முன்னால் என்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்களோ அந்தச் சீட்டையும் காலி அட்டையையும் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள்.

வெறும் மருந்திலேயே குணமாகாதா?

கிருமியை மருந்து கொல்லலாம். அரிக்கப்பட்ட சுவரை மருந்து திரும்பக் கட்டித் தராது. எந்த ஆபரேஷனையும் தாங்க முடியாதவர்களுக்கு மட்டும் மருந்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் முடிவு பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை.

வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

தொற்று வந்த குழாய்ப் பகுதியை முழுதாக வெட்டி எடுத்து, சுற்றியுள்ள சீழையும் கெட்ட திசுவையும் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். பிறகு ரத்தம் போக வழி வேண்டுமே. ஒரு வழி, அந்த இடத்தை மூடிவிட்டு, தோள்பட்டைக்குக் கீழே உள்ள தமனியிலிருந்து தோலுக்கு அடியிலேயே ஒரு செயற்கைக் குழாயைத் தொடை வரை கொண்டுபோவது. இன்னொரு வழி, அதே இடத்தில் புதிய குழாயைத் தைப்பது: ரிஃபாம்பிசின் மருந்தில் ஊறவைத்த துணிக்குழாய், இறந்தவர் தானமாகத் தந்த தமனி, நோயாளியின் தொடையிலிருந்தே எடுத்த பெரிய சிரை, மாட்டின் இதய உறையில் சுருட்டித் தைத்த குழாய் என்று பலவற்றைப் பயன்படுத்துகிறார்கள். கடைசியில் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை எடுத்துப் புதுக் குழாயைச் சுற்றிப் போர்த்திவிடுவார்கள். நல்ல ரத்த ஓட்டம் உள்ள திசு, தொற்றை எதிர்க்கும்.

தத்துவப்படி இதுதான் சுத்தமான வைத்தியம்: கிருமி இருக்கும் இடத்தையே அகற்றிவிடுகிறோம். ஆனால் பல மணி நேர ஆபரேஷன். காய்ச்சலில் வாடி, கிட்னி பலவீனமாகி, சுகரும் இதய நோயும் உள்ள எழுபது வயதுக்காரரின் உடம்பு அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

ஸ்டென்ட் கிராஃப்ட் எப்படி வைக்கிறார்கள்?

ஸ்டென்ட் கிராஃப்ட் என்பது உலோகச் சுருளின் மேல் துணி போர்த்திய குழாய். துணி பாலியெஸ்டராகவோ, நீர் ஒட்டாத பிடிஎஃப்இ வகையாகவோ இருக்கும். உலோகம் பெரும்பாலும் நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அமுக்கிச் சுருக்கினால் சுருங்கும், விட்டால் பழைய வடிவத்துக்கே விரியும்.

அறைக்குள் நடப்பது இது. இடுப்பு மடிப்பில், தொடைத் தமனியில் சின்னதாகத் துளையிட்டு மெல்லிய கம்பி ஒன்றை மேலே அனுப்புவார்கள். நெஞ்சு வரை அது போவது எக்ஸ்ரே திரையில் தெரியும். கம்பியின் மேல் சவாரி செய்வதுபோல, 6, 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறை ஒன்று மெல்ல ஏறும். அதற்குள்தான் மடங்கிய கிராஃப்ட் இருக்கிறது. டை செலுத்தி ஒரு படம். வீக்கம் எங்கே ஆரம்பிக்கிறது, கிட்னிக்கும் குடலுக்கும் போகும் கிளைகள் எங்கே பிரிகின்றன என்று கணக்கிட்டுத் திரையில் குறிப்பார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். நோயாளி விழித்திருந்தால் அவரே பிடிப்பார், மயக்கத்தில் இருந்தால் சுவாச மெஷினைச் சற்று நிறுத்துவார்கள். உறையைப் பின்னால் இழுக்க இழுக்க, கிராஃப்ட் மேலிருந்து ஒவ்வொரு வளையமாக மொட்டு விரிகிறதுபோலத் திறந்து சுவரில் உட்காரும். மறுபடி டை. இதற்கு முன் பக்கத்தில் பையாக நிரம்பிக் காட்டிய இடத்தில் இப்போது எதுவும் தெரியாது. ரத்தம் நேர்க்கோட்டில் இறங்கிப் போகும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒரு படத்துக்காகத் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை.

இரண்டு கால்களுக்கும் பிரியும் இடம் வரை வீக்கம் இருந்தால் பேன்ட் வடிவத்தில் இரண்டு கால் உள்ள கிராஃப்ட் வைப்பார்கள். வீக்கத்துக்கு மேலும் கீழும் குறைந்தது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நல்ல சுவர் வேண்டும். அங்கேதான் கிராஃப்ட் பிடித்து நிற்கும். தொற்று உள்ள சுவர் ஊறிய காகிதம் மாதிரி இருக்கும் என்பதால் பலூன் ஊதிப் பதிக்கும் வேலையை மிகவும் பதமாகத்தான் செய்வார்கள்.

நெஞ்சுப் பகுதி மகாதமனிக்குள் இப்படி ஒரு கிராஃப்டை முதலில் வைத்தவர் கார்கிவ் நகரத்து நிக்கோலாய் வொலோடஸ், 1987-ல். 1990-ல் புவனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி வயிற்று அனியூரிசத்துக்குச் செய்ததுதான் உலகம் முழுக்கப் பரவியது. தொற்று வந்த நெஞ்சு மகாதமனிக்கு இதைப் பயன்படுத்தியதை 1998-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு வெளியிட்டது. மூன்றே நோயாளிகள். அந்த மூன்று பேரின் கதையைப் படித்துத்தான் மற்ற ஊர்க்காரர்களுக்குத் துணிச்சல் வந்தது.

சீழ் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் ஓர் அந்நியப் பொருளை வைக்கிறீர்களே, இது தப்பில்லையா?

நோயாளியின் உறவினர்கள் கேட்பதிலேயே கூர்மையான கேள்வி இது. அறுவை சிகிச்சை மாணவனுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் விதியும் இதுதான்: சீழ் இருந்தால் திறந்துவிடு, அங்கே அந்நியப் பொருளை வைக்காதே. ஸ்டென்ட் கிராஃப்ட் இரண்டையும் மீறுகிறது. தொற்று உள்ள சுவரும் சீழும் வெளியே அப்படியே கிடக்க, உள்ளே துணியும் உலோகமும் போய் உட்காருகின்றன. கிருமி அதில் ஒட்டிக்கொண்டால் மருந்து எட்டுவது கஷ்டம். பல வருடம் எல்லாரும் தயங்கியதற்கு இதுதான் காரணம்.

எண்ணிக்கைகள் வேறு மாதிரி பேசின. ஸ்வீடனில் உப்சாலாவைச் சேர்ந்த கார்ல் சொரேலியஸ் குழு, ஐரோப்பாவில் 16 மையங்களிலிருந்து இப்படி ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்த 123 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டி 2014-ல் வெளியிட்டது. 30 நாள் முடிவில் 91 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒரு வருடத்தில் 75, ஐந்து வருடத்தில் 55. அடுத்து 2016-ல், ஸ்வீடன் நாடு முழுவதும் 1994 முதல் 2014 வரை வயிற்றுப் பகுதித் தொற்று அனியூரிசத்துக்குச் சிகிச்சை பெற்ற 132 பேரையும் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாத முடிவில், திறந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேரும், ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்களில் 96 சதவீதம் பேரும் பிழைத்திருந்தார்கள். பிற்காலத்தில் தொற்று திரும்பி வந்ததில் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. பயந்ததற்கு நேர்மாறு.

ஆனாலும் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு நோயாளிகளைப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை இது. இந்த நோயில் அப்படி ஓர் ஆய்வு செய்யும் அளவுக்கு எந்த ஒரு ஊரிலும் நோயாளிகள் இல்லை. 2014 ஆய்விலேயே நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமாகத் தொற்று சார்ந்த சிக்கல் வந்தது. பெரும்பாலும் முதல் வருடத்திலேயே. வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. சால்மோனெல்லா அல்லாத வேறு கிருமி கல்ச்சரில் வளர்ந்திருந்தவர்களுக்குத்தான் பிற்காலத்தில் தொற்றால் இறக்கும் ஆபத்து அதிகம்.

நான் குடும்பத்தாரிடம் சொல்வது இதுதான். ஸ்டென்ட் கிராஃப்ட் வெடிப்பை நிறுத்துகிறது. தொற்றை நிறுத்துவது அதன் வேலை இல்லை. அந்த வேலை அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது.

யாருக்கு இது பொருந்தாது?

வீக்கம் குடலிலோ உணவுக்குழாயிலோ ஓட்டை போட்டிருந்தால், அந்த ஓட்டை வழியாகக் கிருமி வந்துகொண்டே இருக்கும். அங்கே ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தால் ரத்தப்போக்கு நிற்கும், உயிர் மிஞ்சும். ஆனால் அது பெரிய ஆபரேஷனுக்கு உடம்பைத் தயார்செய்யக் கிடைக்கும் அவகாசம் மட்டுமே. அதை முழுச் சிகிச்சை என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

கிட்னி, குடல், கல்லீரலுக்குக் கிளை பிரியும் இடத்திலேயே வீக்கம் இருந்தால், சாதாரண கிராஃப்ட் அந்தக் கிளைகளை அடைத்துவிடும். ஒவ்வொரு கிளைக்கும் தனி ஜன்னல் வைத்துத் தயாரிக்கும் கிராஃப்ட் இருக்கிறது. ஆனால் அதை அளவெடுத்துச் செய்து வரவழைக்க வாரங்கள் ஆகும். இந்த நோய் வாரக்கணக்கில் பொறுக்காது. அவசரத்துக்கு, கையிலிருக்கும் கிராஃப்டிலேயே டாக்டர் மேசையில் வைத்துத் துளை போட்டுப் பயன்படுத்துவதும் உண்டு. அனுபவம் உள்ள மையத்தில் மட்டும். வயது குறைவாக, உடம்பு தெம்பாக இருந்து, சீழ் அதிகமாக இருந்தால் திறந்த ஆபரேஷன் பற்றிப் பேசுவதில் நியாயம் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் எத்தனை நாள்?

நாள் கணக்கு இல்லை, மாதக் கணக்கு. முதலில் சில வாரங்கள் நரம்பு வழி ஊசி; பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். பிறகு மாத்திரை. ஸ்டென்ட் கிராஃப்ட் உள்ளே இருக்கும்போது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கொடுப்பது வழக்கம். சிலருக்கு வாழ்நாள் முழுக்க. எல்லாருக்கும் ஒரே கணக்கு என்று கிடையாது. கிருமி எது, காய்ச்சல் எப்போது இறங்கியது, உடம்பில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தச் சோதனை அளவு எப்படிக் குறைகிறது, ஸ்கேனில் சுற்றுத் திசு கரைகிறதா என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள். மெலியாய்டோசிஸ் ரத்தக்குழாயைத் தாக்கியிருந்தால் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி மட்டுமே எட்டு வாரம் போக வேண்டும். அதன்பின் ஆறு மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. சால்மோனெல்லாவுக்குச் செஃப்ட்ரையாக்சோன் ஊசி பெரும்பாலும் கைகொடுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு காலத்தில் நன்றாக வேலை செய்தது. நம் பக்கத்தில் பல சால்மோனெல்லா ரகங்கள் அதற்கு மசிவதில்லை. அதனால்தான் கல்ச்சர் ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் மருந்தை மாற்றக் கூடாது.

ஒரு பெரியவருக்கு மூன்றாவது மாதத்தில் மாத்திரை நின்றது. காய்ச்சல் இல்லை, முதுகுவலி இல்லை, தெம்பாக நடமாடுகிறார். இவ்வளவு மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று அக்கறையுள்ள யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது மாதத்தில் குளிர் நடுக்கத்தோடு வந்தார். ஸ்கேனில் கிராஃப்டைச் சுற்றி மறுபடி சாம்பல் வளையம். அவரை மீட்டுவிட்டோம். ஆனால் அந்த இரண்டு மாதத்தைத் திரும்பக் கொடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொரு நோயாளியின் மனைவி வேறு வழி வைத்திருந்தார். வீட்டில் தினசரிக் காலண்டர் தாளைக் கிழிப்பது அவர் பொறுப்பு. இரவு மாத்திரை உள்ளே போன பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பேன் என்று வைத்துக்கொண்டார். செக்கப்புக்கு வரும்போது கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்து வருவார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இந்த யோசனையை அப்புறம் பல குடும்பங்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

கிட்னியைப் பற்றிய பயம் அர்த்தமில்லாதது அல்ல. கோட்ரைமாக்சசோல் எடுப்பவருக்குப் பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஏறலாம். ரத்த அணுக்கள் குறையலாம். அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. எண்கள் மாறினால் டோசையோ மருந்தையோ மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

காய்ச்சல், குளிர் நடுக்கம், புதிதாக முதுகுவலி, சளியிலோ மலத்திலோ ரத்தம், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போவது, கால் திடீரென்று சில்லிடுவது. இதில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். இடுப்பு மடிப்புத் துளை ஒரு வாரத்தில் ஆறிவிடும். அதுவரை குனிந்து குடம் தூக்க வேண்டாம்.

பொதுவாக ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஸ்கேன். பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வீக்கப் பை சுருங்கிக்கொண்டே வருவது நல்ல அடையாளம். சிலருக்கு ஒரு வருடத்தில் அங்கே பை இருந்த சுவடே தெரியாது, கிராஃப்ட் மட்டும் தனியாக நிற்கும். கிட்னி பலவீனமானவருக்கு டை ஊசியின் அளவைக் குறைப்பார்கள், சில முறை அல்ட்ராசவுண்டோடு முடித்துக்கொள்வார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொற்று திரும்பி வந்தால் வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் கடினமான வழி. முதலில் ஊசி மருந்து மறுபடி. சீழ் தேங்கியிருந்தால் சிடி பார்த்தபடியே ஊசிக் குழாய் செருகி வடிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிராஃப்டையே வெளியே எடுத்து, மேலே சொன்ன திறந்த ஆபரேஷனைச் செய்ய வேண்டியிருக்கும். முதல் தடவை இருந்ததைவிடச் சுகரும் சத்தும் நல்ல நிலையில் இருந்தால் உடம்பு அதைத் தாங்க வாய்ப்பு அதிகம். இடைப்பட்ட மாதங்களில் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் சேர்த்துச் சாப்பிடச் சொல்வது சும்மா சொல்வதில்லை.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தொற்றுமா?

தொற்றாது. தட்டு, டம்ளர் பிரித்து வைக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரலாம். காசநோயால் வந்த வீக்கம் என்றால் மட்டும், நுரையீரலிலும் நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

கிராஃப்ட் மட்டுமே பல லட்சம் ரூபாய். எத்தனை துண்டு வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். அதற்கு மேல் வாரக்கணக்கான ஊசி மருந்து இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்சூரன்ஸ் இருந்தால் சாதனத்துக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிராஃப்டுக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டு ஆறாவது வாரம் ஊசிக்குக் காசில்லாமல் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது நடக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கிடைக்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

பல் பிடுங்கலாமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பல் வேலைக்கு முன்னால் ஸ்டென்ட் கிராஃப்ட் இருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக்குழாய் டாக்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். முன்கூட்டியே ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். சொத்தைப் பல்லை அப்படியே வைத்திருப்பதுதான் அதைவிட மோசம். இப்போது வரும் பெரும்பாலான கிராஃப்டுகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கும் அட்டையில் எந்த வகை என்று இருக்கும். அதைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வயலில் இறங்கலாமா?

மெலியாய்டோசிஸ் வந்து பிழைத்த விவசாயிகள் இதைத்தான் கடைசியாக, கொஞ்சம் தயங்கிக் கேட்பார்கள். இறங்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்களுக்கு வேறு வேலையும் தெரியாது. மாத்திரை முடிந்து, ஸ்கேன் நன்றாக இருந்து, சுகர் கட்டுக்குள் இருந்தால் போகலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் வெடிப்போ காயமோ இருந்தால் ஆறும் வரை சேற்றில் கால் வைக்க வேண்டாம். பெருமழை அடிக்கும்போது வெட்டவெளியில் நிற்காமல் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக்கொள்ள வேண்டும். பூட்ஸ் போட்டால் சேற்றில் கால் எடுத்துவைக்கச் சிரமமாக இருக்கிறது, நாற்று நடும்போது வேகம் வருவதில்லை என்பார்கள். உண்மைதான். நடவை ஆள் வைத்துச் செய்துவிட்டு, வரப்பில் நின்று மேற்பார்வை பார்ப்பது, மடை திறப்பது, களத்து வேலை என்று பிரித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வரப்பில் நிற்கும்போதும் பூட்ஸோடுதான்.